பூங்காவனத்தின் சாணக் கேஸ்

ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில், எனக்கு அடுத்த வீடு பூங்காவனத்துடையது. இரண்டு பசு, இரண்டு எருமை. விறகுப் புகையில் நெஞ்சு கெட்டுப்போய், இனி புகையே ஆகாது என்று வேலூரில் டாக்டர் சொன்ன பிறகுதான் 1984இல் சாணக் கேஸ் தொட்டி கட்டினாள்; கேஸ் பிடிக்க மேலே கவிழ்க்கும் இரும்பு டிரம்மை சர்க்கார் கொடுத்தது. சாணமும் தண்ணீரும் சரிபாதி கரைத்து ஊற்றினால் அடுப்பு நீலமாக எரியும். நான்கு வருடம் அவள் இருமவில்லை.

அப்புறம் தோல் பதனிடும் டேனரிக்காரன் கழிவை எங்கள் ஓடையில் திறந்துவிட்டான். கிணறு உப்பாகி, தண்ணீர் செம்பழுப்பானது. கேட்பார் இல்லை. தொட்டிக்கும் அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றினாள்; அதில் சாணம் புளிக்காமல் ஒரே மாதத்தில் அடுப்பு அணைந்தது.

பார்க்க வந்த சாணக் கேஸ் திட்ட அதிகாரி நந்தகோபால் கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ ஒழுங்கா கரைக்கலமா. சாணம் சும்மா கெடந்து அழுகினா அந்த வாயு மேல போயி ஒலகமே சூடாவுதாம். மாட்டு ஏப்பம்கூட அப்டித்தானாம், பேப்பர்ல போட்டிருக்கான்."

கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அவள் விடுவாளா?

"என் மாடு ஏப்பம் வுட்டா ஒலகம் சூடாவுது. டேனரிக்காரன் ஊர்க் கெணத்தையே கெடுத்தா இன்னா ஆவுதாம்? அதைப் பேப்பர்ல போட மாட்டானா? தண்ணிதான் சார் கெட்டிருக்கு!"

"அடுத்த மாசமும் எரியலன்னா டிரம்மைத் தூக்கி வேற ஊருக்குக் குடுத்துடுவோம்."

வீம்புக்கென்றே அவள் தொட்டியைக் காலி செய்தாள். ஒரு மைல் நடந்து, பள்ளிக்கூடத்து அடிபம்பிலிருந்து குடிக்க இரண்டு குடம், தொட்டிக்கு மூன்று குடம் என்று தினமும் சுமந்தாள். முப்பதாம் நாள் நீலத் தீ திரும்பியது.

நந்தகோபால் வந்தார். 'பராமரிப்பு சீரடைந்தது' என்று எழுதிக் கைநாட்டு கேட்டார்.

"தண்ணின்னு எழுதுங்க."

"அதுக்கு ஃபாரத்துல எடமே இல்லமா."

அவள் மைப்பெட்டியைத் தள்ளிவிட்டாள். கிணற்று வாளியில் கட்டைவிரலை முக்கி ஃபாரத்தின் நடுவில் அழுத்தினாள். எழுத்தின் மேல் செம்பழுப்பாய்க் கறை பரவியது.

"இந்தா எடம். மேல அனுப்பு."

அந்தத் தாள் எந்த மேசையடியில் கிடக்கிறதோ! கோடையில் அடிபம்பில் குடிக்கவே இரண்டு குடம்தான் வந்தது. அடுப்பு மறுபடி அணைந்தது, டிரம்மைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது சாணம் குப்பைமேட்டில் சும்மா கிடந்து அழுகுகிறது. பூங்காவனம் விறகடுப்பின் முன்னால் இருமுகிறாள். டேனரி ஓடையை மட்டும் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை.