அத்திம்பேர் சோதித்துப் பார்த்த சீட்

எங்கள் அத்திம்பேர் வேதாந்தத்துக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. மின்சார வாரியத்தில் இருந்தவர். கம்பியில் கொக்கி போட்டுக் கரண்ட் திருடுகிறவர்களைப் பிடிப்பதுதான் வேலை. ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி மட்டும் போகவில்லை. பால் வந்தால் ஒரு சொட்டைத் தரையில் விட்டு ஓடுகிறதா என்று பார்ப்பார். தண்ணித்துறை மார்க்கெட்டில் தராசுத் தட்டின் அடியில் கையை விட்டுத் தடவுவார். கோயிலில் கொடுத்த புளியோதரையையே முகர்ந்து பார்க்கிற மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள். நான் அவருடைய மைத்துனி ஸ்ரீலக்ஷ்மி. மயிலாப்பூரில் அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். அவரை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆளும் நான்தான்.

என் அக்கா கோமளம் அவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதற்கே கோயில் கட்டிக் கும்பிட வேண்டும். பாவம், ஒரு நாள் குளிக்கும் அறையில் வழுக்கி விழுந்தாள். முதுகில் ஏதோ பிசகிவிட்டது. அன்றிலிருந்து அவளால் நிற்க முடியும், நடக்க முடியும், படுக்க முடியும். உட்காரத்தான் முடியாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இடது கால் மரத்துப்போய்க் கண்ணில் தண்ணீர் முட்டிவிடும். கச்சேரிக்குப் போனால் கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றபடியே கேட்டுவிட்டு வருவாள்.

அடையாறு டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு எதுவும் உடைந்திருக்கவில்லை. அத்திம்பேருக்கு அது போதாதா? "படத்துல ஒண்ணுமே இல்லையே!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். லண்டனிலிருந்து பெண் ஹம்சினி போன் செய்தால் அவளிடமும் அதே பாட்டுத்தான். ஒரு நாள் லஸ் வரைக்கும் போவதாகக் கிளம்பியவர், பாதி வழியில் திரும்பி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஆள் இல்லாதபோது அக்கா உட்காருகிறாளா என்று வேவு பார்க்கிறாராம்! நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். "என்ன அத்திம்பேர், நம்மாத்துலயும் யாராவது கொக்கி போட்டுட்டாளா?" என்றேன். செருப்பைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார்.

ஹம்சினிக்கு முதல் குழந்தை பிறந்தபோது பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை இல்லை. மாமியார் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார்ந்து போக அக்காவாலும் முடியவில்லை. அங்கே அவள் அழுதாள், இங்கே இவள் அழுதாள். தொண்ணூற்றெட்டில் இரண்டாவது உண்டானபோது அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "தவழ்ந்துண்டாவது போவேன். இந்தத் தடவை அவ வலில கத்தறச்சே என் கையத்தான் பிடிச்சுக்கணும்."

மாப்பிள்ளை நிரஞ்சன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். விமானத்தின் முன்பக்கத்து உயர்ந்த வகுப்பில் புதுமாதிரி சீட் வந்திருக்கிறதாம். பொத்தானை அமுக்கினால் கட்டில் மாதிரி மட்டமாகப் படுத்துவிடுமாம். மெத்தை, தலையணை, போர்வை, பக்கவாட்டில் மறைப்பு எல்லாம் உண்டாம். கம்பெனி வேலையாக ஓயாமல் பறக்கிறவன் அவன். அதில் சேர்ந்த சலுகையைக் கொண்டு அப்படி ஒரு சீட்டை மாமியாருக்கு வாங்கிவிட்டான். மாமனாருக்குப் பின்னால் சாதாரண சீட்.

"மாப்பிள்ளைக்கு எதுக்கு இவ்ளோ அக்கறை? இதுல ஏதோ விஷயம் இருக்கு" என்றார் அத்திம்பேர்.

"இருக்கு. உங்க பொண்ணு பிள்ளை பெத்துக்கப் போறா. அதான் விஷயம்" என்றேன்.

மறுநாள் அதைவிடப் பெரிய சந்தேகம் கிளம்பிவிட்டது. என்னையும் இழுத்துக்கொண்டு தி. நகரில் டிக்கெட் போட்டுக் கொடுத்த ஷரீஃபின் கடைக்குப் போனார்.

"பக்கத்து சீட்டுல படுத்துக்கப் போறது ஆம்பிளையா, பொம்பளையா?"

ஷரீஃப் விழித்தார். "அது எப்படி சார் நமக்குத் தெரியும்? யார் டிக்கெட் வாங்கறாங்களோ அவங்க வருவாங்க."

"அப்போ எவனோ ஒருத்தன் என் ஆம்படையா பக்கத்துல படுத்துண்டு வருவான்!"

"ஐயோ சார், சீட்டெல்லாம் தனித்தனி. நடுவுல மறைப்பு இருக்கு. தலை தெரியாது."

"கால்?"

"கால் தெரிஞ்சா இன்னா சார் ஆயிடும்?"

எனக்கு மானம் போயிற்று. அத்திம்பேரோ மறைப்பு எத்தனை உயரம், வேண்டும்போது இறக்க முடியுமா, தலை வடக்கே வருமா என்று கேட்டுத் துளைத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் இரண்டு பாய்களை விரித்து நடுவில் ஒரு சூட்கேஸை நிறுத்தினார். "லக்ஷ்மி, நீ அந்தப் பக்கம் படு. இங்கேர்ந்து என்ன தெரியறதுன்னு பாக்கறேன்" என்றார்.

"நன்னாருக்கு! அவ பரபுருஷன் பக்கத்துல படுக்கப்படாது, நான் மட்டும் படுக்கலாமா?" என்று ஒரு பிடி பிடித்தேன்.

சமையலறை வாசலில் நின்றிருந்த அக்கா சிரிக்கவில்லை. "ஏன்னா, நான் படுத்துண்டு போனாத்தான் அங்க போய் எழுந்து நிக்க முடியும். இதைக் கெடுத்துடாதேங்கோ" என்றாள். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டே சூட்கேஸின் உயரத்தை இன்னொரு தடவை சாண் போட்டு அளந்தார். அப்போதே எனக்கு உறுத்தியது.

விடியற்காலை விமானம். உள்ளே போனதும் அத்திம்பேர் தன் வேலையைக் காட்டிவிட்டார். "பக்கத்துல வரவன் எப்படிப்பட்டவன்னு நான் மொதல்ல பாத்துடறேன். அதுவரைக்கும் நீ என் சீட்ல இரு. கொஞ்ச நேரத்துல கூப்பிடறேன்" என்று அக்காவைப் பின்னால் அனுப்பினார். விமானப் பணிப்பெண் அவரிடம் தெளிவாகவே சொல்லியிருக்கிறாள்: இடம் மாறுவதானால் ஒரு தடவைதான், அப்புறம் மாற்றி மாற்றி உட்கார விடமாட்டோம். அத்திம்பேரின் கண்ணெல்லாம் பக்கத்து சீட்டின் மேலேயே இருந்ததால் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டார்.

பக்கத்து சீட்டுக்கு யாருமே வரவில்லை. கதவைச் சாத்தினார்கள், விமானம் ஏறியது, சீட் காலியாகவே கிடந்தது. சந்தேகப்பட ஆள் இல்லாமல் போனதும் சீட்டின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே மட்டமாகப் படுக்குமா? பாதியில் மடங்கிக்கொண்டால்? பொத்தானை அமுக்கினார். படுத்தது. போர்வையை முகர்ந்தார். வாசனையாக இருந்தது. மறைப்பை ஏற்றிவிட்டு ஒரு நிமிஷம் காலை நீட்டிப் பார்த்தார். இரவெல்லாம் பெட்டிக்குக் காவல் இருந்த உடம்பு, மெத்தையில் பட்டதும் தூங்கிவிட்டது.

பின்னால் அக்கா நடுசீட்டில் மாட்டிக்கொண்டாள். கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று காத்திருந்தாள். தாங்க முடியாமல் எழுந்து திரைவரைக்கும் போய், தெரிந்த இங்கிலீஷில் கெஞ்சினாள். மாறினது மாறினதுதான் என்றார்கள். அவரையாவது கூப்பிடுங்கள் என்றாள். மறைப்பைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவரை எழுப்பும் வழக்கமில்லை என்றார்கள். கழிப்பறைப் பக்கம் நின்றுகொண்டே வந்தாள். விமானம் ஆடத் தொடங்கியதும் பெல்ட் போட வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

லண்டனில் அவளைச் சக்கர நாற்காலியில் இறக்கினார்கள். மாப்பிள்ளை பதறிப்போய், "மாமி, சீட் சரியில்லையா?" என்று கேட்டான்.

"சீட்டுக்கு என்னப்பா, ராஜோபசாரம். என் உடம்புதான் சரியில்லை" என்றாள் அக்கா. இவர் பெட்டிகளை எண்ணப் போய்விட்டார். அவளால் அதற்கப்புறம் புரண்டுகூடப் படுக்க முடியவில்லை. அந்த வாரமே ஹம்சினிக்கு வலி எடுத்தது. அக்காவைக் கட்டிலில் விட்டுவிட்டுத்தான் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அங்கே நடந்ததை நிரஞ்சன் போனில் சொன்னான். பிரசவ அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது ஹம்சினி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாளாம்.

"படுக்கையே வாங்கிக் கொடுத்தும் அம்மா வரலையே அப்பா. படத்துல ஒண்ணுமே இல்லைன்னு நீ சொல்லுவியே, நெஜந்தானா? அம்மா வேணும்னுட்டுதான் பண்றாளா?"

"இல்லம்மா" என்றாராம் அத்திம்பேர். "அவ சீட்ல நான் தூங்கிட்டேன்."