ஐந்தாவது இலக்கம்

அடுத்த அறையில் பிரிண்டர் கரகரவென்று ஓடி நின்றது. அதைத் தொடர்ந்து ஒரு விம்மல். கையிலிருந்த காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஹம்சா ஓடினாள்.

அல்மாஸ் முதல் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். எத்தியோப்பியாவில் இறந்துபோன அவள் அம்மாவுக்கு நாளைக் காலை இங்கே சர்ச்சில் நாற்பதாம் நாள் பிரார்த்தனை. வருகிறவர்களுக்குக் கொடுக்க, அம்மாவைப் பற்றித் தன் தாய்மொழியான குராகேயில் அவள் எழுதிய சிறு புத்தகம் அது. பக்கங்களை அடுக்கும் புரோகிராமை எழுதிக் கொடுத்தவள் ஹம்சா. அட்டையில் அம்மாவின் பெயர். பெயரின் நடுவே ஓர் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம்.

"அதுக்குப் பதிலா எங்க நாட்டு ஆட்சிமொழி அம்ஹாரிக் எழுத்தையே போட்டுடு, ஹம்சா," என்றாள் அல்மாஸ் ஆங்கிலத்தில். "அம்மாவோட ஐடி கார்டுலகூட அப்படித்தான். எங்க எழுத்துக்குக் கம்ப்யூட்டர்ல இடமே இல்லைன்னு சொல்லிக்கிட்டேதான் கண்ணை மூடினாங்க."

ஹம்சா அந்த வெறும் கட்டத்தைப் பார்த்தாள். எப்படிப்பட்டவள் கேட்கிறாள் இதை!

மாயவரத்திலிருந்து இருபத்திநான்கு வயதில் அமெரிக்காவில் இந்த பிளானோவுக்கு வந்தவள் ஹம்சா. மருந்துச் சீட்டு அச்சிடும் சாஃப்ட்வேரிலேயே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. போன வருடம் கணவர் அனந்தராமன் பக்கவாதத்தில் விழுந்தபோது, தினமும் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள இன்ஷூரன்ஸ் மூலம் அனுப்பப்பட்டவள்தான் அல்மாஸ். ஹம்சா வாய்க்கு வாய் "ஏன்னா" என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் அவர் பெயர் என்று நினைத்துவிட்டாள். "மிஸ்டர் ஏன்னா, ஒன் மோர் ஸ்டெப்!" என்று அவள் அதட்ட, நோயில் விழுந்த பிறகு அவர் முதன்முதலாகச் சிரித்தார். இன்ஷூரன்ஸ் நாட்கள் முடிந்த பிறகும், டியூட்டி முடித்துத் தானாகவே வந்து அவரை நடக்க வைத்தாள். பெற்ற மகள் செய்வாளா அப்படி?

வாக்கரைத் தட்டிக்கொண்டு அனந்தராமன் வந்தார். "என்னடி, அந்தப் பொண்ணை அழ விட்டுட்டியே?"

"ஏன்னா, ஃபான்ட் சரியில்லே."

"சாம்பார் கரிச்சா உப்பு சரியில்லேம்பே. உன் கைமேல தப்பே வராதாக்கும்?"

அல்மாஸ் தன் போனை நீட்டினாள். அதில் அந்த எழுத்து அழகாக, முழுசாக இருந்தது. அதே ஃபான்ட்தான் கம்ப்யூட்டரிலும்.

ஹம்சா தன் புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் பார்த்தாள். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். பழைய எழுத்துகளுக்கு நான்கு இலக்கம். குராகேயின் இந்த எழுத்துக்குச் சில வருடங்களுக்கு முன்புதான் எண் கிடைத்தது. அது ஐந்து இலக்கம். ஹம்சாவோ இத்தனை வருடப் பழக்கத்தில் நான்கு இலக்கத்துக்குத்தான் இடம் விட்டிருந்தாள். முதல் இலக்கம் துண்டாகி விழுந்திருந்தது.

ஃபான்ட் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் திருத்தியிருக்கலாம். கண்ணீரும் கம்பலையுமாக நிற்பவளிடம் அதற்கு மனசு வரவில்லை.

"அல்மாஸ், தப்பு என்னோடது. உங்க எழுத்துக்கு உலகம் பூரா செல்லுபடியாகிற நம்பர் இருக்கு. நான்தான் இடம் விடலை. மன்னிச்சுடு."

அல்மாஸ் கோபப்படவில்லை. கண்கள் விரிய அவளையே பார்த்தாள். "அப்போ... இடம் இருக்கு?"

"இருக்கு."

"அம்மா நினைச்சது தப்பு!" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

திருத்திய தாள் சூடாக வெளியே வந்தது. பெயர் முழுசாக இருந்தது. அல்மாஸ் அந்த எழுத்தை மட்டும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். பிறகு எல்லாத் தாள்களும் அச்சாகும் வரை பிரிண்டரை விட்டு நகரவே இல்லை.

புத்தகக் கட்டைப் பையில் போட மறுத்துக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தவள், "தேங்க்யூ" என்று ஆரம்பித்தாள்.

"நீ சொல்லாதேம்மா," ஹம்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்காத்துல ஒருத்தர் நடமாடறார்னா அது உன்னால. சொல்ல வேண்டியவ நான். இத்தனை நாளா வாயே வரலை."

அல்மாஸ் அவள் கன்னத்தோடு கன்னம் வைத்தாள். பிறகு படியிறங்கிப் போனாள். கார் தெருமுனை திரும்பும் வரை நின்றிருந்துவிட்டு, ஹம்சா கதவைச் சாத்தினாள்.