நீலக்கையுறையின் நடுத்தாள்

புத்தகத்தின் முதுகில் குத்தியிருந்த கம்பிப் பின் துருப்பிடித்து, தாளோடு தாளாக ஒட்டிப்போயிருந்தது. மழுங்கிய கத்தியின் நுனியை அதற்கடியில் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மயிரிழை அளவு தூக்கின விரல்கள். பிறகு மறுமுனையில் இன்னொரு மயிரிழை. அவசரப்பட்டால் பின்னோடு தாளும் பிய்ந்து வந்துவிடும். பிய்ந்து வந்தால்தான் என்ன என்று மனதின் ஒரு மூலை கேட்டது. விரல்கள் அந்த மூலையின் பேச்சைக் காதில் வாங்கவில்லை.

அந்த விரல்களின் சொந்தக்காரரைத் தெருவில் எல்லோருமே பைண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலை அவருக்கு யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பைண்டிங் பட்டறையில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தார். பழுதுக்கு வந்த புத்தகங்களைப் பிரிக்கும்போது, முன்பு தைத்தவன் எங்கே சரியாகச் செய்தான், எங்கே சோம்பல்பட்டான் என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். கையில் முதல் சம்பளம் வந்தபோது அவர் வாங்கியது ஒரு பழைய சித்திரக்கதைப் புத்தகம்.

'நீலக்கையுறை' என்ற வரிசை அது. கறுப்பு, நீலம் என்று இரண்டே நிறத்தில் அச்சிட்டது. அதில் வரும் துப்பறிவாளன் இடது கையில் ஒரு நீலக் கையுறை போட்டிருப்பான். தூங்கும்போதும் கழற்ற மாட்டான். ஏன் என்று எந்தப் புத்தகத்திலும் சொல்லவில்லை. பைண்டர் சிறுவனாக இருந்தபோதே பதிப்பகத்தை மூடிவிட்டார்கள். அந்த முதல் சம்பள நாளிலிருந்து பழைய பேப்பர் கடை, மூட்டை கட்டிய பரண், வீடு காலி செய்பவர்களின் வாசல் என்று எங்கும் அலைந்து, வரிசை முழுவதையும் சேர்த்துவிட்டார், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுதான் 'மூழ்கிய கலங்கரை'.

அதுதான் இப்போது அவர் மேஜையில் கிடந்தது. ஆனால் அவருடையது இல்லை. சகலையுடையது.

சகலை என்றால் அவர் மனைவியின் தங்கை புருஷன். பார்சல் வண்டி ஓட்டுபவன். கல்யாணமான புதிதில் காலை உடைத்துக்கொண்டு இங்கே வந்து படுத்துக்கிடந்தபோது, பொழுதுபோகட்டும் என்று ஒரு நீலக்கையுறையை அவன் கையில் கொடுத்தவர் பைண்டர்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். கால் கூடியதும் அவனும் தேட ஆரம்பித்தான். பைண்டர் ஒரே மேஜையில் உட்கார்ந்து தேய்பவர். அவனுக்கோ சக்கரம் இருந்தது. எந்த ஊரில் வண்டி நின்றாலும் டீ குடிப்பதற்கு முன் பழைய பேப்பர் கடை எங்கே என்று விசாரிப்பான். பைண்டரின் சேகரிப்பு கட்டிலுக்கடியில் தகரப்பெட்டியில் கிடந்தது. அவன் கண்ணாடி அலமாரி செய்து உள்ளே விளக்கும் போட்டுவிட்டான். அந்த விளக்கைப் பார்த்த நாளில் பைண்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன வாரம் தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான்.

"அண்ணே! மாட்டிக்கிச்சுண்ணே!"

"யாரு, நீயா? போலீஸ்கிட்டயா?"

"கலங்கரைண்ணே! மூழ்கிய கலங்கரை!"

பிறந்த பிள்ளையைத் தூக்கிவருவதுபோல் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். பைண்டர் சிரித்தார். சிரிப்பு தாடையோடு நின்றுவிட்டது.

"நல்லா இருக்கு," என்றார்.

"நான் இன்னும் பிரிச்சுகூட பாக்கலண்ணே. தொட்டாலே உதிருது. நீங்க தைச்சுக் குடுங்க. முதல்ல நீங்களே படிச்சிருங்க. ஆரம்பிச்சுவச்சது நீங்கதானே."

வேறு யாராவது கேட்டிருந்தால் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். பைண்டரின் காதில் அது வயிறு நிறைந்தவன் விடும் ஏப்பமாக விழுந்தது.

ஒரு வாரம் புத்தகத்தைத் தொடவேயில்லை. இன்று மாலை வாங்கிக்கொள்ள வருகிறேன் என்று சகலை சொல்லிவிட்டிருந்ததால்தான் மதியம் கத்தியை எடுத்தார். ஜன்னல் பக்கம் அவர் மேஜை. எதிர்ச் சுவரோரம் மனைவியின் தையல் மெஷின். அவள் யாருடைய பள்ளிச் சீருடைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பின்களும் வந்துவிட்டன. நடுவில் மடித்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினார். தைப்பதற்கு முன் தாளை எண்ணுவது அவர் பழக்கம். எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"பதினஞ்சுதான் இருக்கு."

"என்ன பதினஞ்சு?"

"தாளு. பதினாறு இருக்கணும். நடுத்தாளைக் காணோம்."

மெஷின் நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். "ஒரு வாரமா வயிறு எரிஞ்சுது. இப்பத்தான் மூஞ்சில வெளிச்சம் வருது."

"சும்மா இரு."

"அந்த நடுத்தாளு உங்க பெட்டிக்கடியில தூங்குறதுதானே?"

"எந்தத் தாளு?"

"ஆமா, எந்தத் தாளு. பச்சப் புள்ள, ஒண்ணும் தெரியாது."

கல்யாணத்துக்கும் முன்னால் நடந்தது அது. பட்டறையில் பசை தடவும்போது அடியில் விரிக்கக் கழிவுத்தாள் கட்டாக வரும். ஒருநாள் தூரிகை படப்போகிற நேரத்தில் தாளில் ஒரு நீலக் கை தெரிந்தது. சட்டென்று தூரிகையை இழுத்துக்கொண்டார். ஓரத்தில் மட்டும் ஒரு பசைத் தீற்று விழுந்துவிட்டது. மூழ்கிய கலங்கரையின் நடுத்தாள், நான்கு பக்கம். வில்லன் துப்பாக்கியை நீட்ட, துப்பறிவாளன் கையுறையைக் கழற்றுகிறான். கையுறைக்குள் என்ன இருக்கிறது என்பது அந்த நான்கு பக்கத்தில் இருந்தது. முன்கதையும் தெரியாது, பின்கதையும் தெரியாது; நடுவில் இருக்கும் ரகசியம் மட்டும் இத்தனை வருடமாக அவருக்குத் தெரியும். மனைவியைத் தவிர வேறு யாரிடமும் அவர் மூச்சு விட்டதில்லை.

இப்போது சகலையிடம் பதினைந்து தாள், தன்னிடம் ஒன்று. ஆகமொத்தம் புத்தகம் யாரிடமும் இல்லை. அந்த நினைப்பு மோர் குடித்ததுபோல் உள்ளே குளிர்ந்து இறங்கியது.

நூலுக்கு மெழுகு தடவினார். பதினைந்து தாளையும் தட்டி ஒழுங்குபடுத்தி, மடிப்பில் மூன்று துளை போட்டு, தைத்தார். இந்தத் தையலில் நூல் வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, புத்தகத்தின் நட்டநடுவில் முடிச்சாக விழும். முடிச்சைப் போட்டுவிட்டுப் பார்த்தார். முப்பதாம் பக்கத்துக்கும் முப்பத்தைந்தாம் பக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது முடிச்சு. இடப்பக்கம் வில்லன், "கழற்றடா கையுறையை!" என்கிறான். வலப்பக்கம் துப்பறிவாளன் கடலில் படகு ஓட்டிக்கொண்டிருக்கிறான், கையுறையோடு.

"அப்படியேதான் குடுக்கப்போறீங்களா?" என்றாள்.

"வந்தது அப்படித்தானே. நானா கிழிச்சேன்?"

"குடுங்க. எனக்கென்ன." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இன்னைக்குப் படிப்பாரு. பக்கம் காணோம்னு தெரியும். நாளைக்கே வண்டிய எடுப்பாரு. இத கண்டுபிடிச்ச மனுஷன் இன்னொண்ண கண்டுபிடிக்க மாட்டாரா?"

பைண்டரின் விரல் முடிச்சை நெருடியது. கண்டுபிடித்துவிடுவான். எவனோ ஒருவன் வீட்டுப் பரணில் முழுப் புத்தகமாகவே கிடைத்துத் தொலைக்கும், அவன் ராசி அப்படி. அன்றைக்குத் தன் பெட்டியில் இருப்பது வெறும் கழிவுத்தாள், பசை தடவத் தவறவிட்ட ஒரு தாள். ஆனால் இந்தத் தாளை இன்றைக்கே உள்ளே வைத்துத் தைத்துவிட்டால் அவன் அதற்கப்புறம் தேட மாட்டான். அலமாரியில் விளக்கைப் போட்டு யாருக்குக் காட்டினாலும், பெருமையின் நட்டநடுவில் பைண்டரின் தாள் இருக்கும், பசைத் தீற்றோடு.

முடிச்சை வெட்டினார்.

"நல்ல மனசு," என்றாள் அவள்.

"நல்ல மனசெல்லாம் ஒண்ணுமில்ல."

"தெரியும். சும்மா சொல்லிப் பாத்தேன்."

தகரப்பெட்டியை இழுத்து, அடியிலிருந்து நடுத்தாள் போட்டுவைத்த காகித உறையை எடுத்தார். இருட்டிலேயே கிடந்ததால் அந்தத் தாள் மட்டும் மற்றவற்றைவிட வெளுப்பாக இருந்தது. நடுவில் வைத்தார். அதிலும் மூன்று துளை போட்டதும் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. இந்தமுறை முடிச்சு விழவேண்டிய இடத்தில் விழுந்தது. பிறகு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நிறுத்தாமல் படித்தார். கதை மோசமாக இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வரிசையிலேயே இதுதான் நல்ல கதை. அது வேறு எரிந்தது.

வெயில் தாழ்ந்ததும் ஹாரன் கேட்டது. சகலை செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் உள்ளே வந்தான்.

"முடிஞ்சுதாண்ணே?"

பைண்டர் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. தன் கையில் வைத்தபடியே முதுகைக் காட்டினார், தையலைக் காட்டினார். ஓரத்தைப் புரட்டிக் காட்டியபோது சகலை குனிந்து பார்த்தான்.

"நடுவுல ஒண்ணு மட்டும் இப்பத்தான் குளிச்சிட்டு வந்தாப்ல இருக்கேண்ணே?"

"அது என்னுது."

"என்னது?"

"நீ கொண்டுவந்ததுல நடுத்தாளு இல்ல. என்கிட்ட அது மட்டும் இருந்துச்சு. உன் கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்தே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே!"

"நீ போற கடையெல்லாம் என்கிட்ட சொல்லிட்டா போன?"

சகலை சிரிக்கப்போனான். பாதியில் நின்றுவிட்டது. ஏதோ கணக்குப் போடுகிறவன்போல் பைண்டரையும் புத்தகத்தையும் மாறிமாறிப் பார்த்தான்.

"நடுத்தாளுல என்னண்ணே இருக்கு?"

"கையுறையைக் கழட்டுறான்."

"அப்போ... உள்ள என்ன இருக்குன்னு... இத்தன வருஷமா உங்களுக்குத் தெரியுமா? நான் ஊர் ஊரா பேயா அலைஞ்சேனே, அப்பல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

அவன் முகத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது. தாடையோடு நின்றுவிடும் சிரிப்பு. பைண்டருக்கு அது நன்றாகப் பழக்கமான சரக்கு. விளக்குப் போட்ட அலமாரியின் கண்ணாடியில் தன் முகத்திலேயே எத்தனையோ தடவை பார்த்தது. வந்த இடம் மட்டும்தான் புதிது. கண்குளிரப் பார்த்தார்.

"சொல்லட்டுமா?" என்றார். "உள்ள வந்து..."

"அண்ணே, வேணாம்! சொல்லாதீங்க!" சகலை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

"மாப்பிள்ளை, கைய எடுங்க, அவர் சொல்ல மாட்டாரு," என்றாள் மனைவி, சிரித்துக்கொண்டே. அவன் காதில் அது எங்கே விழுந்தது?

பைண்டர் புத்தகத்தை நீட்டினார். அவன் தலையை ஆட்டினான். காதிலிருந்து கை இறங்கவில்லை. அவர் உதட்டை ஒருமுறை அசைத்துக் காட்டினார். அவன் கண்ணையும் மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கட்டும் என்று விட்டார். அதற்கப்புறம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, புத்தகத்தின் முதுகால் அவன் முழங்கையில் மெல்லத் தட்டினார். சகலை ஒரு கண்ணைத் திறந்து, அவர் வாய் மூடியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, ஒரு கையை மட்டும் காதிலிருந்து எடுத்து வாங்கிக்கொண்டான்.