கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு டோலி இல்லை

எங்கள் மலையில் நோயாளியைத் தூக்கிப்போக ஊருக்கு ஒரு டோலி உண்டு. அறுவடையில் அதற்கென்று கேழ்வரகு கொடுத்த வீட்டாரை மட்டுமே அதில் அடிவாரத்து முள்ளுக்குறிச்சி வைத்தியரிடம் இறக்குவார்கள். என்னோடு பிறந்த வீட்டுக்குப் போயிருந்த என் மனைவியை அங்கே பாம்பு கடித்துவிட்டது. அந்த ஊர் டோலி கண்ணெதிரே கிடந்தது.

“கட்டிக்கொடுத்த பொண்ணுங்க. உங்க ஊரு டோலிதானுங்க வரோணும்” என்றார் அவ்வூர்ப் பெரியவர்.

எங்கள் ஊரோ பள்ளத்துக்கு அப்பால். அவள் கால் வீங்கிக்கொண்டே போனது. மாமனாரும் நானும் கம்பளியை மூங்கிலில் கட்டி, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாதி இறக்கத்தில் என் முழங்கால் மடங்கியது. மிளகு விற்றுவிட்டு எதிரே ஏறிவந்த வேற்றூர்க்காரர்கள், “உடுங்க சாமி” என்று மூங்கிலைத் தோளில் வாங்கிக்கொண்டார்கள். பிழைத்தாள்.

ஊரோடு சண்டை போட்டு, எங்கள் டோலியை எவரும் எடுக்கும்படி பாதையோரப் பலாமரத்தில் மாட்டவைத்துவிட்டேன். இன்று காலை மரத்தில் டோலி இல்லை. யாருக்கு என்னவோ! அது திரும்பும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது.