குடுமி பிய்த்த தேங்காய்

அன்று காலை என் மனைவி வெளிநாடு புறப்பட இருந்தாள். யாரோ ஒருவருடைய வீட்டைத் துடைக்க, யாரோ ஒருவருடைய பிள்ளையைக் குளிப்பாட்ட, இரண்டு வருஷம். ஏழு மணிக்கு வேன் வரும். அதற்கு முன்னால், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே உள்ள கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட வேண்டும் என்பது மாமியாரின் கட்டளை. முதல் நாளே மஸ்கெலியா டவுனில் வாங்கி, வெற்றிலை கற்பூரத்தோடு தட்டில் வைத்திருந்தார். ஒரே ஒரு தேங்காய். இந்தக் குளிரில் தென்னை ஏது? எங்களுக்குத் தேங்காய் லொறியில்தான் மலையேறி வரும்.

எங்கள் வீட்டில் தேங்காய் என் வேலை. அவள் அடுப்பை மூட்டும்போது நான் நாரை உரிப்பேன், குடுமியைத் திருகிப் பிய்ப்பேன், மூன்று கண்ணும் தெரிய மொட்டையாக்கி உடைத்துக் கொடுப்பேன். துருவுவது அவள். பதினாறு வருஷம் பேச்சில்லாமலே நடந்த வேலை. முகம் பார்க்காமல் சண்டை பிடித்த நாட்களிலும் அது மட்டும் நின்றதில்லை.

அன்றும் ஐந்தரைக்கு எழுந்தேன். மகள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். கூரைத் தகரத்தில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. சும்மா இருக்க முடியவில்லை. கை தட்டுக்குப் போனது. நார் வந்தது. குடுமி வந்தது.

மாமியார் உள்ளே வந்து பார்த்தபோதுதான் நானும் பார்த்தேன்.

“அய்யோ மாப்புள! என்னா வேல பாத்து வச்சிருக்கீங்க? மொட்டத் தேங்காயயா சாமிக்கு ஒடைக்கிறது?”

குடுமி போன தேங்காய் சாமிக்கு ஆகாது, கறிக்குத்தான் ஆகும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லயத்தில் அடுத்தடுத்த மூன்று காம்பரா வீடுகளில் போய்க் கேட்டேன். ஒரு வீட்டில் பாதி மூடி இருந்தது. ஒரு வீட்டில் கடைத் தேங்காய்ப்பால் மாவுப் பக்கற். மற்ற வீட்டில் சிரித்தார்கள். “அண்ணே, அண்ணிய அனுப்ப மனசில்லன்னு வாயால சொல்லிட வேண்டியதுதானே!”

திரும்பி வந்தபோது மாமியார் வாசலை மறித்து நின்றார். “தேங்கா ஒடைக்காம படி எறங்கக் கூடாது. அடுத்த மாசம் போகட்டும்.”

என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று குதித்தது. சந்தோஷம். அதற்குப் பெயர் வேறில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஈரத் தலையோடு அவள் வந்தாள். தேங்காயைப் பார்த்தாள், பிறகு என்னை.

“ஏங்க, வேணும்னே செஞ்சீங்களா?”

“தெரியல.”

பொய் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதுதான் பதில்.

அவள் அடுப்படிக்குப் போனாள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை மூலையிலிருந்து எடுத்தாள். மாமியார் பதறினார். “பொம்பள தேங்கா ஒடைக்கிறதா?”

“கோயில்லதாம்மா ஒடைக்கக் கூடாது. சம்பலுக்கு ஒடைக்கலாம்.”

இடது உள்ளங்கையில் தேங்காயை உருட்டிக்கொண்டே, கத்தியின் முதுகால் நடுவில் சுற்றிச் சுற்றித் தட்டினாள். இறுக்கமாக இருந்த சத்தம் திடீரென்று தளர்ந்தது. விரிசலில் கசிந்த தண்ணீரை டம்ளரில் பிடித்துவிட்டுப் பிளந்தாள். மூன்று பேருடைய தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

வெள்ளை. ஒரு புள்ளி அழுகல் இல்லை.

“நல்ல தேங்காதான்,” என்றார் மாமியார், ஏமாந்தவர் போல. “வீணாக்கிட்டீங்களே மாப்புள.”

“வீணாகலம்மா. நகருங்க.”

ஒரு மூடியை எடுத்துக்கொண்டு துருவியில் உட்கார்ந்தாள். பூவாக விழுந்ததில் பாதியை மாவோடும் உப்போடும் பிசைந்து ரொட்டி தட்டினாள். மீதியைக் காய்ந்த செத்தல் மிளகாய், வெங்காயத்தோடு சம்பலுக்கு அம்மியில் வைத்து அரைத்தாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

“கண்ணிருக்கிற மூடிதான் மொதல்ல கெட்டுப்போகும், அத இன்னைக்கு எடுத்துட்டேன். மத்தது நாளைக்கு. நீங்கதான் துருவணும். வெள்ளையோட நிறுத்துங்க, ஓட்டச் சொரண்டாதீங்க. பால் பிழிஞ்சா சுடுதண்ணி ஊத்துங்க, பச்சத்தண்ணின்னா இந்தக் குளிருக்குக் கட்டி தட்டிரும். புள்ளைக்கு ஒறப்பக் கொறச்சுக்கங்க.”

“ம்.”

“ம்னா?”

“துருவுறேன்.”

ரோட்டில் வேன் ஹோர்ன் அடித்தது. முதல் ரொட்டியை நாலாகப் பிய்த்தாள். அம்மாவுக்கு, அப்போதுதான் எழுந்து வந்த மகளுக்கு, எனக்கு, தனக்கு. மாமியார் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டார். அவள் தன் துண்டை மென்றுகொண்டே படி இறங்கினாள். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். பையை உள்ளே வைத்ததும் வேன் கதவைச் சாத்தினார்கள்.

மறுநாள் காலை முதல் தடவையாகத் துருவியில் உட்கார்ந்தேன். எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியவில்லை. வெள்ளையில் பழுப்புத் தூள் விழுந்தது. விரல் முட்டியில் கீறிக்கொண்டேன்.

பள்ளிக்கூட உடுப்போடு மகள் வந்து குனிந்து பார்த்தாள்.

“ஓட்டையும் சேத்துத் துருவியிருக்கீங்கப்பா.”

“தெரியுது.”

ரொட்டி கல்லில் ஒரு பக்கம் கருகியது. அவள் உட்கார்ந்து, சம்பலைத் தொட்டு, முழுவதையும் தின்றாள். ஒரு பழுப்புத் துணுக்கை நாக்கிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

“அம்மா போன்ல கேட்டா நல்லா இருந்துச்சுன்னு சொல்றேன்,” என்றாள். “நாளைக்கும் நீங்களே துருவுங்க.”