குச்சிக்கு முன்னால் ஒரு குளியல்

அந்த ஆஸ்பத்திரியில் படுக்கை வேண்டுமென்றால் முதலில் குச்சியக்காவிடம் மூக்கைக் காட்டியாக வேண்டும். பெரிய மனிதர், சிபாரிசோடு வந்தவர் என்கிற கதையெல்லாம் அவளிடம் எடுபடாது. சேர்க்கை அறைக்குப் பக்கத்தில் திரை போட்ட சின்ன இடம்தான் அவளுடைய ராஜ்ஜியம். ஒரு ஸ்டூல், ஒரு மேசை, உறை பிரிக்காத பஞ்சுக் குச்சிகள் ஒரு பெட்டி நிறைய. மூக்கின் இரண்டு துவாரத்திலும் குச்சியை விட்டுச் சுழற்றி எடுப்பாள். பிறகு அக்குள், அதற்கும் பிறகு தொடையிடுக்கு. எல்லாவற்றையும் தனித்தனிக் குழாயில் போட்டு மூடி ஆய்வகத்துக்கு அனுப்புவாள். வழக்கமான மருந்துக்கு அசைந்து கொடுக்காத கிருமி யார் உடம்பிலாவது ஒட்டிக்கொண்டு உள்ளே வருகிறதா என்று பார்க்கிற வேலை அது. எல்லாரும் குச்சியக்கா என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே பாதி மறந்துவிட்டது.

"இடுப்புல வலின்னு வந்தா மூக்குல ஏன்மா குத்துற?" என்று கேட்காத நோயாளி கிடையாது.

"இடுப்பை டாக்டர் பாத்துக்குவாருண்ணே. உங்க கூட ஓசியில எவனாவது குடியிருக்கானான்னு நான் பாக்குறேன்," என்பாள். "இருந்தாலும் பயப்படாதீங்க. தோல் மேல கிடக்கிற வரைக்கும் அவன் பரம சாது. வெட்டின இடம் வழியா உள்ள போயிட்டாத்தான் வம்பு."

கிருமி இருக்கிறது என்று முடிவு வந்தால் அந்த நோயாளிக்குக் கடைசி அறை. கதவில் மஞ்சள் அட்டை தொங்கும். மேலங்கியும் கையுறையும் மாட்டாமல் யாரும் உள்ளே போகக்கூடாது. அறுவை சிகிச்சைக்கு முன் போடுகிற மருந்தையும் மாற்றிவிடுவார்கள். இல்லை என்று வந்தால் பொது வார்டு, வழக்கமான மருந்து. எல்லாமே அந்தக் குச்சி சொல்கிற சொல்தான்.

குச்சி எடுத்து முடித்ததும் குளிப்பதற்கு இளஞ்சிவப்பு மருந்துத் திரவம் ஒரு பாட்டில் கொடுப்பாள். "முதல்ல குச்சி, அப்புறம் குளியல்" என்பதை அவள் சொல்லிச் சொல்லி, வார்டில் தரை துடைக்கிறவர்கள்கூட அவள் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். அந்தத் திரவத்தில் குளித்துவிட்டு வந்தால் கிருமி ஒழியாது, ஒடுங்கிக்கொள்ளும். குச்சியில் அகப்படாது. சோதனை சுத்தம் என்று பொய் சொல்லும். இதை எத்தனையோ பேருக்கு அவள் பாடம் எடுத்திருக்கிறாள்.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும்தான். அம்மா போன பிறகு, கல்யாணம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், கடைசியில் அந்தப் பேச்சே நின்றுபோன வீடு. அப்பா பஸ் ஓட்டியவர். வாழ்நாளெல்லாம் இரைச்சலில் பேசியதால் சமையலறையில் இருப்பவளிடம்கூட பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். "மூக்கு நோண்டிச் சம்பாதிக்கிற ஒரே பொண்ணு எம் பொண்ணுதான்!" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லி அவள் மானத்தை வாங்குவார். முன்பு காலில் ஆறாத புண் வந்து வேறொரு ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தவர். வந்த பிறகும் மருந்துக்கடையில் தானாக மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கியவர். அவள் எவ்வளவு திட்டியும் கேட்டதில்லை.

இடுப்பு மூட்டு தேய்ந்துபோனபோது மாற்றியே ஆக வேண்டும் என்றார் எலும்பு டாக்டர். தேதியும் குறித்தாகிவிட்டது. அப்பாவுக்கோ அறுவையைவிடப் பெரிய கவலை வேறு. குனிய முடியாமல் சரியாகக் குளித்தே பல நாளாகியிருந்தது.

"நீ வேலை பாக்குற இடம் பாப்பா. கிழவன் நாத்தத்தோட வந்து நின்னா உனக்குத்தானே அசிங்கம்?"

"சும்மா இருங்கப்பா. நான் குளிப்பாட்டி விடுறேன்."

முதலில் கூச்சப்பட்டார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முக்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவள் வெந்நீரை விளாவி, முதுகு, கழுத்து, காதுக்குப் பின்புறம் என்று தேய்த்தாள். பழைய பனியனின் தடம் இன்னும் அவர் தோள்களில் இருந்தது. நல்லதாகச் செய்ய வேண்டுமே என்றுதான், ஊழியர்களுக்குக் கொடுத்திருந்த அந்த இளஞ்சிவப்பு பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்தாள். அக்குள், கால் இடுக்கு, ஒன்றையும் விடவில்லை. மூக்குத் துவாரத்தைக்கூட அதில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டாள். ஊருக்கெல்லாம் சொன்ன வாய்க்கு அன்றைக்கு அது ஞாபகமே வரவில்லை. ஆஸ்பத்திரியில்தான் அவள் குச்சியக்கா. இங்கே அப்பாவின் முதுகைத் தேய்க்கிற மகள், அவ்வளவுதான்.

"ஆஹா, புது பஸ் மாதிரி ஆயிட்டேன்," என்றார் அப்பா.

மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கையுறை மாட்டிக்கொண்டு மூக்கிலும் அக்குளிலும் அவளே குச்சி எடுத்தாள். மற்றதற்கு ஆண் நர்ஸைக் கூப்பிட்டாள். முடிவு சுத்தம் என்று வந்தது. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வழக்கமான மருந்தைப் போட்டு மூட்டை மாற்றினார்கள். அப்பா பொது வார்டில் இருந்தபடியே எல்லாருக்கும் பஸ் கதை சொன்னார்.

பிறகு காய்ச்சல் வந்தது. தையல் போட்ட இடம் சிவந்து கசிந்தது. கசிவைச் சோதித்தால், குச்சியக்கா தினம் தினம் தேடுகிற அதே கிருமி. அப்பாவைக் கடைசி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வார்டு அமளிதுமளிப்பட்டது. வரும்போது சுத்தமாக இருந்தவருக்கு இங்கேதான் யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்று ஆகிவிட்டது. தலைமை நர்ஸ் ருத்ர தாண்டவம் ஆடினாள். கட்டுப் போடுகிற பெண்ணைக் கூப்பிட்டு, ஒழுங்காகக் கை கழுவினாயா என்று எல்லார் எதிரிலும் கேட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே நின்றாள். குச்சியக்காவுக்கும் அவள் மேல் ஆத்திரம் வரத்தான் செய்தது. என் அப்பாதானா உனக்குக் கிடைத்தார் என்று மனதுக்குள் சபித்தாள்.

அன்று மாலை தலைமை நர்ஸ் அப்பாவின் அறைக்கு வந்து ஒவ்வொன்றாக விசாரித்தாள். குச்சியக்கா மேலங்கியோடு கட்டிலருகே நின்றிருந்தாள். அப்பாவுக்குக் காய்ச்சலிலும் குரல் குறையவில்லை.

"சுத்தத்துக்கு என்னம்மா கொறச்சல்? எம் பொண்ணு என்னைத் தேச்சுக் குளிப்பாட்டித்தான் இங்க கூட்டிட்டு வந்தா. உங்க ஆஸ்பத்திரி பாட்டில்தான், ரோஸ் கலர்ல இருக்குமே? மூக்கைக்கூடத் தொடச்சு விட்டாளே!"

குச்சியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைமை நர்ஸ் திரும்பி அவளைப் பார்த்தாள். எவ்வளவு அருமையாகக் குளிப்பாட்டினாள் என்று அப்பா மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் தலைமை நர்ஸ் கேட்டாள். "நீயா இப்படிப் பண்ணே?"

"நெனப்பே வரல சிஸ்டர். சத்தியமா வரல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். தலைமை நர்ஸ் அவள் தோளைத் தொட்டுவிட்டு நேரே கட்டுப் போடுகிற பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். குச்சியக்காவும் பின்னாலேயே போய்க் கேட்டாள். அந்தப் பெண் இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா மருந்தை மாத்தியிருப்போம்," என்றார் டாக்டர். "அப்பவும் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம்." அந்த இரண்டு 'லாம்'களுக்கு நடுவில்தான் அவள் அதற்குப் பிறகு வாழ்ந்தாள்.

மறுபடி திறந்து கழுவினார்கள். கடுமையான மருந்துகள் கொடுத்தார்கள். சிறுநீரகம் தாங்கவில்லை. அப்பாவின் குரல் முதல் தடவையாகப் பக்கத்து சீட்டுக்குக் கேட்கிற அளவுக்கு இறங்கியது.

"பாப்பா, அந்த ரப்பரைக் கழட்டிட்டு ஒரு தடவை கையைக் குடு. வழவழன்னு, யாரோ மாதிரி இருக்கு."

அவள் கையுறையின் விளிம்பில் விரலை வைத்துவிட்டாள். கழற்றிப் பிடித்துவிட்டு அப்புறம் நன்றாகக் கழுவிக்கொண்டால் போதாதா? போதும்தான். ஆனால் வீட்டிலும் இப்படி அன்பாக நினைத்துத்தானே கெடுத்தாள்? கீழே திரைக்குப் பின்னால், இதே கையால் குச்சி எடுத்துக்கொள்ள யாருடைய அப்பாவோ ஸ்டூலில் காத்திருந்தார். தன்னை அவளால் இனி நம்ப முடியவில்லை.

"கூடாதுப்பா."

"சரி, ரூல்ஸ்னா ரூல்ஸ்தான். நான் மட்டும் ஸ்டாப் இல்லாத இடத்துல நிறுத்தியிருக்கேனா என்ன?" என்று சொல்லிவிட்டு, அந்த ரப்பர் கையையே இறுகப் பிடித்துக்கொண்டு தூங்கினார். அதற்குப் பிறகு அவர் கண் விழிக்கவில்லை.

அப்பாவின் உடம்பை வெறும் கையால் அவள் கடைசியாக ஆசை தீரத் தொட்டது அந்தக் குளியலில்தான். அந்தக் குளியல் நடக்காமல் இருந்திருக்கக்கூடாதா என்று நினைக்கப் போனால், முதுகு ஞாபகம் வந்துவிடுகிறது. நடந்ததே நல்லது என்று நினைக்கவோ வழியே இல்லை.

இப்போது குச்சியைப் பிரிக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்கிறாள். "குளிச்சீங்களா? எதுல?" அன்றொரு நாள் ஒரு பெண் தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். கிழவர் பளபளவென்று இருந்தார்.

"நல்ல மருந்து சோப்பா வாங்கிக் குளிப்பாட்டித்தான் கூட்டிட்டு வந்தேன் அக்கா," என்றாள் அந்தப் பெண், வாயெல்லாம் பல்லாக.

குச்சியக்கா குச்சியைக் கீழே வைத்தாள். "அப்ப இன்னைக்கு எடுக்க முடியாதும்மா. சில நாள் கழிச்சு வாங்க. ஆபரேஷன் தள்ளித்தான் போகும்."

அந்தப் பெண்ணுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. லீவு போட்டு வந்தது, வண்டி பிடித்தது, அப்பாவின் வலி எல்லாவற்றையும் சொல்லித் திட்டித் தீர்த்தாள். கல் நெஞ்சுக்காரி என்றும் சொன்னாள். திட்டி ஓய்ந்து அவள் நாற்காலியைத் திருப்பும்போதுதான் குச்சியக்கா கேட்டாள்.

"முதுகெல்லாம் நல்லாத் தேச்சு விட்டியாம்மா?"

"பின்னே? தேய்க்காமலா?"

"வெறும் கையாலயா?"

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"வீட்டுல தினமும் குளிப்பாட்டு, சாதா சோப்புல," என்று சொல்லிவிட்டுக் குச்சியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.