ஐந்தாவது கேஸ்கெட்

1976 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் இருந்த தன் மோட்டார் பட்டறையில், எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்த ஒரு கேஸ்கெட்டைப் பிச்சைமுத்து, தன்னிடம் வேலை செய்த வீரம்மாவின் காலடியில் விட்டெறிந்தார்.

“மூணாவது. இதோட மூணாவது. என்னத்தலா வெட்டுற நீ?”

கேஸ்கெட் என்பது இரண்டு இரும்புப் பாகங்களுக்கு நடுவே வைத்து முடுக்கும் மெல்லிய தக்கைத் தகடு. எண்ணெய் கசியாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. வீரம்மா வெட்டியிருந்தது, எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தகரத் தொட்டிக்கு, பட்டறைப் பேச்சில் ஆயில் பேனுக்கு. கார் ஷரபுதீனுடையது. ஈப்போவில் துணிக்கடை வைத்திருந்த அபுபக்கரின் மூத்த மகன். வயது இருபத்தாறு. பழைய மஞ்சள் கார் ஒன்றை வாங்கிப் பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கோலாலம்பூர் பக்கத்து பத்து தீகா பந்தயத் தடத்தில், ஏழாவது சுற்றிலேயே அவனுக்குக் கறுப்புக் கொடி காட்டி வெளியேற்றிவிட்டார்கள். அவன் கார் போன வழியெல்லாம் எண்ணெய் கோடு போட்டிருந்தது. பின்னால் வந்த இரண்டு கார்கள் வழுக்கிப் புல்தரைக்குள் போய் நின்றன.

இப்போது அவன் காரில் சாய்ந்து நின்றான். வண்டி எடுக்க வந்தவர்கள் ஐந்தாறு பேர் சுற்றி இருந்தார்கள்.

“பொம்பளய வெச்சு கேஸ்கெட் வெட்டினா இப்படித்தான்லா இருக்கும், அண்ணே,” என்று பிச்சைமுத்துவிடம் சொன்னான். “கித்தா மரம் சீவுன கை.”

அவள் முன்பு ரப்பர் மரத்தில் பால்வெட்டியவள் என்று தெரிந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

வீரம்மா குனிந்து கேஸ்கெட்டை எடுத்தாள். அவளுக்கு அப்போது நாற்பது வயது. முகத்தில் ரத்தம் ஏறியது அவளுக்கே தெரிந்தது. கையில் இருந்ததை அந்தப் பையன் வாயில் திணிக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் கண் வேறு எதையோ பார்த்துவிட்டது. போல்ட் துளைகளைச் சுற்றித் தக்கை காகிதம்போல நசுங்கிக் கிடந்தது. இரண்டு துளைகளுக்கு நடுவே, அவள் வெட்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே தடிப்பாக இருந்தது. பின்பக்க மூலையில் இரும்பு பட்ட தடமே இல்லை.

“அண்ணே, இதப் பாருங்க. இந்த மூலையில பேனு ஒட்டவே இல்ல. கேஸ்கெட்டு மேல தப்பு இல்ல, பேன்தான்...”

“எனக்குப் பாடம் எடுக்கிறியா?” பிச்சைமுத்துவின் குரல் உயர்ந்தது. வாடிக்கையாளர் முன்னால் அவர் மானமும் போய்க்கொண்டிருந்தது. “செவப்பு கார்ட வெச்சிக்கிட்டு வாய் பேசாத, வீரம்மா. வேற எவன் ஒனக்கு வேல குடுப்பான்? போ, போயி சாமான் கழுவு.”

அவள் போய் சாமான் கழுவினாள். 

சிவப்பு கார்டு என்றால் என்னவென்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் வீரம்மா. அவளுடைய அப்பாவும் அம்மாவும் பிறப்புப் பத்திரம் எடுத்து வைக்காததால் அவளுக்குச் சிவப்பு கார்டுதான் கிடைத்தது. பன்னிரண்டு வயதில் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தவள், முப்பத்து மூன்று வயதுவரை விடவில்லை. பிறகு சட்டம் வந்தது. நீல அடையாளக் கார்டு உள்ளவர்கள் குடிமக்கள். சிவப்பு கார்டு உள்ளவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அவள் பெயரை வாசித்து, கார்டைப் பார்த்து, அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்றார். இருபத்தொரு வருஷம் அந்த மரங்களில் ஒரு காயம் விழாமல் பால் எடுத்தவளுக்குக் கிடைத்த பதில் அதுதான். அந்தக் கோபம் அவளுக்குள் ஆறவே இல்லை.

கணவன் பெயர் பத்துமலை; லாரி ஓட்டினான். அவனோடு ஈப்போவுக்கு வந்து, பிச்சைமுத்துவின் பட்டறையில் எஞ்சின் சாமான் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே யாரும் கார்டு கேட்கவில்லை. ஒரு நாள், எங்கேயும் கேஸ்கெட் கிடைக்காத ஒரு பழைய லாரிக்காகப் பிச்சைமுத்து தக்கை ஷீட்டைக் கத்தரிக்கோலால் வெட்டி, இரண்டு தடவை கிழித்துவிட்டார். வீரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “குடுங்கண்ணே,” என்றாள். பட்டையை மட்டும் சீவி மரத்தைத் தொடாமல் கத்தியை நிறுத்தப் பழகிய கை அது. துளையின் விளிம்பு அச்சில் வார்த்ததுபோல வந்தது. அன்றிலிருந்து பட்டறையின் கேஸ்கெட் எல்லாம் அவள் வெட்டியவைதான். காம்பாரிலிருந்துகூட ஆள் அனுப்பி வாங்கிப் போனார்கள். ஆறு வருஷத்தில் ஒன்றுகூடக் கசிந்து திரும்பி வந்ததில்லை.

ஷரபுதீனின் கார்தான் முதல் தடவை. மார்ச் மாதம் கசிகிறது என்று கொண்டுவந்தான்; புதிதாக வெட்டிப் போட்டார்கள். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. அடுத்த தடவை பிச்சைமுத்து நீளமான ஸ்பேனரைப் போட்டு, பல்லைக் கடித்து முடுக்கினார். அதுவும் கசிந்தது. மூன்றாவது தடவை கேஸ்கெட்டின் இரண்டு பக்கமும் பசையை அப்பி, முன்னைவிட இறுக்கமாக முடுக்கினார். அதைத்தான் பத்து தீகாவில் கொடி காட்டி வெளியேற்றினார்கள்.

நான்காவது தடவை வீரம்மாவை வெட்டச் சொல்லவில்லை. கோலாலம்பூருக்கு ஆள் அனுப்பி, கம்பெனி கேஸ்கெட் ஒன்றை டப்பாவோடு வரவழைத்தார்கள். பிச்சைமுத்து அதை எல்லோரும் பார்க்கும்படி பிரித்தார். “பாரு, இதுதான் கேஸ்கெட்டு,” என்றார். காருக்கு அடியில் தானே படுத்து மாட்டினார். கேஸ்கெட் நகராமல் இருக்க ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள மட்டும் வீரம்மாவைக் கூப்பிட்டார்.

மாட்டி மூன்றே நாள். அடுத்த வார வெள்ளிக்கிழமை மத்தியானம் மஞ்சள் கார் மறுபடி வந்து நின்றது. அது நின்ற இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கறுப்பு வட்டம் விழுந்தது.

வீரம்மா அந்த வட்டத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பிச்சைமுத்துவின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள்.

“நீ புடிச்சப்ப நவுத்திட்ட,” என்றார் பிச்சைமுத்து. “வேற என்ன?”

அவ்வளவுதான். வீரம்மா கையில் இருந்த துணியைக் கீழே போட்டாள்.

“நானு நவுத்திட்டேனா?”

அந்தக் குரலை அந்தப் பட்டறையில் யாரும் அதுவரை கேட்டதில்லை. எதிர்ப்பக்கம் டயர் கழற்றிக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

“நான் வெட்டினாலும் என் தப்பு, கம்பெனிக்காரன் வெட்டினாலும் என் தப்பு. இதுல கார்டு கலரு வேற! தள்ளுங்க.”

ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தாள். காரைத் தூக்கி, முட்டுக் கொடுத்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் புகுந்தாள். மினியாக் ஹித்தாமை, அந்தக் கறுப்பு எஞ்சின் எண்ணெயை, வாளியில் வடித்துவிட்டு, இருபது போல்ட்டையும் கழற்றினாள். ஷரபுதீன், “அண்ணே, இவங்க என்ன பண்றாங்க?” என்று பிச்சைமுத்துவைக் கேட்டான். பிச்சைமுத்து, “வீரம்மா, வெளிய வாலா! சொன்னா கேளு!” என்று இரண்டு தடவை கத்தினார். அவள் வந்தாள், கையில் ஆயில் பேனோடு.

அதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வைத்தாள். நேராகப் பிச்சைமுத்துவின் ஆபீஸ் அறைக்குள் போனாள். மேசை மேல் இருந்த ரசீதுப் புத்தகம், காலண்டர், காப்பிக் குவளை எல்லாவற்றையும் நாற்காலியில் அள்ளிப் போட்டாள். மேசை மேல் கிடந்த கண்ணாடிப் பலகையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஏய், அது கண்ணாடிலா!”

“கண்ணாடின்னு தெரிஞ்சுதான் எடுக்கிறேன். இதவிட மட்டம் சரியான சாமான் இந்த பட்டறையில என்ன இருக்கு?”

கண்ணாடியைத் தரையில் படுக்க வைத்து, ஆயில் பேனைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தாள். சரியான பேன் என்றால் அதன் விளிம்பு சுற்றிலும் கண்ணாடியில் ஒட்டி உட்கார வேண்டும். இடுப்பிலிருந்து காலையில் வாங்கிய பஸ் டிக்கெட்டை எடுத்து, விளிம்புக்கு அடியில் நீட்டினாள். இரண்டு போல்ட் துளைகளுக்கு நடுவே எங்கே நீட்டினாலும் டிக்கெட் உள்ளே போனது. நீளமான ஸ்பேனர் போட்டு முடுக்கி முடுக்கி, துளையைச் சுற்றித் தகரம் புடைத்து, மற்ற விளிம்பைக் கண்ணாடியில் படாமல் தூக்கியிருந்தது. பின்பக்க மூலையில் டிக்கெட்டை நான்காக மடித்து நீட்டினாள். அங்கேயும் தாராளமாகப் போனது.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். 

அந்த மூலையில் கறுப்புப் பெயிண்ட் மற்ற இடங்களைவிடப் புதிதாக இருந்தது. வீரம்மா தன் கேஸ்கெட் கத்தியால் அதைச் சுரண்டினாள். அடியில் சுத்தியல் அடிகள் வரிசையாகத் தெரிந்தன. உள்ளே நசுங்கிய தகரத்தை யாரோ அவசரமாக வெளியே தட்டி எடுத்து, பெயிண்ட் பூசி மறைத்திருந்தார்கள்.

அவள் ஷரபுதீனைப் பார்த்தாள்.

“எதுல மோதினீங்க தம்பி?”

 பிச்சைமுத்து அவன் பக்கம் திரும்பினார்.

“கேக்கிறாங்கல்ல, சொல்லு.”

“பிப்ரவரில... மலை ரோட்டு பந்தயத்துல. ஒரு கல்லு.” அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “இன்னொரு வாட்டி காரு அடிபட்டா வித்துருவேன்னு வாப்பா சொல்லியிருந்தாரு. அதான் தெரிஞ்ச ஆளுகிட்ட குடுத்து தட்டிட்டேன்.”

“மார்ச்சு மாசத்துல இருந்து தெரியும் ஒங்களுக்கு.” வீரம்மா எழுந்து நின்றாள். “நாலு மாசமா தெரியும். தெரிஞ்சுக்கிட்டே இங்க நின்னு, கித்தா சீவுன கைன்னு சொல்லி சிரிச்சீங்க.”

 அவள் பிச்சைமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

“மூலைய கெடுத்தது அவரு. மிச்சத்த கெடுத்தது நீங்க. அன்னைக்கே கேஸ்கெட்ட காட்டினேன். பாத்தீங்களா?”

“சரி சரி, விடு. ஆக வேண்டியதப் பாப்போம்,” என்றார் பிச்சைமுத்து.

ஆக வேண்டியதை அவள்தான் பார்த்தாள். சனிக்கிழமை முழுவதும் அந்தப் பேனோடு இருந்தாள். விளிம்பை ஒரு கட்டையின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு துளையின் புடைப்பையும் தட்டித் தட்டி அடக்கினாள். நாலு தட்டு, பிறகு கண்ணாடி. மறுபடி நாலு தட்டு, மறுபடி கண்ணாடி. கோபத்தில் கை கனத்துவிடுமோ என்ற பயத்தில் அடிக்கடி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். நசுங்கிய மூலைதான் அதிகம் படுத்தியது. ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் தூக்கியது. சாயங்காலம் நாலு மணிவாக்கில் டிக்கெட் எந்தப் பக்கமும் உள்ளே போகவில்லை.

பிறகு ஐந்தாவது கேஸ்கெட்டை வெட்டினாள். பிச்சைமுத்து ஸ்பேனரை எடுத்தார். அவள் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

“நான் முடுக்குறேன்.”

குட்டை ஸ்பேனரால், நடுவிலிருந்து தொடங்கி, ஒரு பக்கம் ஒன்று எதிர்ப்பக்கம் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி ஒரு சுற்று வந்தாள். கடைசியில் விளிம்பைச் சுற்றி முகப்பவுடரைத் தூவினாள். எண்ணெய் எங்கே எட்டிப்பார்த்தாலும் கறுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மணி நேரம் எஞ்சினை உறுமவிட்டார்கள். பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

அடுத்த பந்தயம் ஆகஸ்டில். கார் எல்லாச் சுற்றையும் ஓடி ஆறாவதாக வந்தது. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. திங்கட்கிழமை பட்டறை திறந்த உடனே, வேறு யாரும் வருவதற்கு முன், ஷரபுதீன் ஒரு தூக்குச்சட்டியில் பிரியாணியோடு வந்தான்.

“அக்கா, அன்னைக்கி நான் பேசினது தப்பு. மன்னிச்சிருங்க.”

வீரம்மா தக்கை ஷீட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அன்னைக்கி பேசினப்ப அஞ்சாறு பேரு இருந்தாங்க தம்பி. இன்னைக்கி ஆளு இல்லாத நேரமா பாத்து வந்திருக்கீங்க. சட்டிய எடுத்துக்கிட்டு போங்க.”

அவன் முகம் சிவந்தது. சட்டியை எடுத்துக்கொண்டு போனான். இனி வரமாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அந்தச் சனிக்கிழமை, பட்டறை நிறைய ஆள் இருந்த நேரத்தில், அவன் வந்து நடுவில் நின்றான். தன் காரைக் கெடுத்தது தானே என்றும், மறைத்தது தன் தப்பு என்றும், சரி பண்ணியது வீரம்மா அக்கா என்றும் சொன்னான். குரல் பிசிறியது, இரண்டு இடத்தில் தடுமாறினான். ஆனால் முழுவதையும் சொல்லி முடித்தான். வீரம்மா அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் மேல் இருந்த கோபம் அன்றோடு போயிற்று.

 பிச்சைமுத்து முன்னைவிட மரியாதையாக நடந்துகொண்டார். காலையில் காப்பி வாங்கினால் அவளுக்கும் ஒன்று வாங்கினார். ஆனால் கார்டைப் பற்றிச் சொன்ன வார்த்தையை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. அவள் செப்டம்பர் முழுவதும் காத்திருந்தாள். சாமான் கழுவும்போது அந்த வார்த்தை மறுபடி மறுபடி காதில் ஒலித்தது. பத்துமலை சோறு கேட்டால் அவன் மேல் எரிந்து விழுந்தாள். “அந்த ஆளு மேல உள்ள கோவத்த ஏன்லா என் மேல காட்டுற?” என்று அவன் கேட்ட அன்றுதான் முடிவு செய்தாள்.

மாதக் கடைசியில் தன் கத்தியையும் சுத்தியலையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பிச்சைமுத்துவுக்கு நம்ப முடியவில்லை.

“காருதான் சரியாயிருச்சே, வீரம்மா. இன்னும் என்ன?”

“காரு சரியாயிருச்சு, அண்ணே,” என்றாள் வீரம்மா. “நான் வாரேன்.”

அவள் வேலை கேட்டுப் போனது செமோரில் ஒரு லாரிப் பட்டறைக்கு. அதை நடத்தியவர் சீனி என்பவர். அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என்ன வேலை தெரியும் என்று கேட்டார். வீரம்மா முதலில் சிவப்பு கார்டை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

“இத இப்பவே பாத்துக்குங்க. பின்னால பேசக்கூடாது. கேஸ்கெட்டு வெட்டுவேன். ஆயில் பேன் கழட்டுவேன், தட்டி நேராக்குவேன், மாட்டுவேன். நான் மாட்டினத நான்தான் முடுக்குவேன், வேற யாரும் ஸ்பேனர் வைக்கக்கூடாது.”

சீனி கார்டை எடுத்துப் பார்த்தார். அவளிடமே நீட்டினார்.

“நாளைக்கி ஏழு மணிக்கெல்லாம் வந்துருங்க, அக்கா,” என்றார்.

அவளுக்கு நீலக் கார்டு கிடைக்க இன்னும் ஆறு வருஷம் ஆயிற்று. அதுவரைக்கும் சீனியின் பட்டறையில் அவளுடைய சிவப்பு கார்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.